நம்பர் தியரிக்கு முன்னாடி என்னா தெரிஞ்சிருக்கணும்?

நம்பர் தியரி (முழு எண்களோட குணங்கள ஆராயற கணக்கு) படிக்கணும்னா முதல்ல கால்குலஸ் முடிச்சிட்டு வான்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. அப்படி சொல்றவங்கள்ல பாதி பேரு ரெண்டையும் ஒழுங்கா படிச்சிருக்க மாட்டாங்கன்றது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க. ஆரம்ப நம்பர் தியரிக்கு டிஃபரன்ஷியேஷன் வேணாம், இன்டகிரேஷன் வேணாம், ட்ரிக்னாமெட்ரி சுத்தமா வேணாம். வேண்டியது வேற, அது என்னான்னா நம்ம பசங்ககிட்ட பொதுவா இல்லாத ஒண்ணு.

இத எழுத காரணம் எங்க அக்கா மக. எஸ்பிஎம் (இங்க மலேசியாவுல ஃபார்ம் 5 முடிவுல வர்ற அரசு பரீட்ச) எழுதிட்டு ரிசல்ட்டுக்கு காத்துக்கிட்டு வீட்டுல சும்மா இருக்கா, யூடியூப்ல ஏதோ ப்ரைம் நம்பர் (பகா எண்) வீடியோ பாத்துட்டு, "மாமா, இதெல்லாம் படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கணும், ஆட் மேத்ஸ் (கூடுதல் கணக்கு) புக்க மறுபடியும் முதல்லருந்து போடவா?"ன்னு கேட்டா. வேணாம்மான்னு சொல்லிட்டு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்க ஆரம்பிச்சேன், அது நீண்டுக்கிட்டே போச்சு, சரி இங்கயே போட்டுருவோம்னு போடறேன். நான் இங்க பத்தாங் பெர்ஜுந்தையில சாயங்காலம் டியூசன் எடுக்கறவன் (பேர பெஸ்தாரி ஜெயான்னு 2007-லயே மாத்தியாச்சு, எங்க வீட்டு பெரியவங்க வாயில இன்னும் பழைய பேருதான்). சுத்தி உள்ள தோட்டத்து பசங்கதான் என்கிட்ட வர்றாங்க, அவங்கள மனசுல வச்சுத்தான் எழுதறேன், யூனிவர்சிட்டில மேத்ஸ் படிக்கறவங்களுக்கு இது ரொம்ப மெதுவா போகும்.

முதல்ல மீதி. ஆமா, தமிழ்ப்பள்ளியில படிச்ச அதே வகுத்தல், மீதி. 17-ஐ 5-ஆல வகுத்தா ஈவு 3, மீதி 2. இதையே 17 = 5×3 + 2 அப்படின்னு ஒரு வரியா எழுதிப் பழகணும், ஏன்னா நம்பர் தியரில வகுத்தல் குறி அவ்வளவா வராது, எல்லாமே இந்த மாதிரி பெருக்கல் கூட்டல்லயே ஓடும். மீதி எப்பவும் 0-வா இருக்கணும் இல்ல அதுக்கு மேல இருக்கணும், ஆனா வகுக்கற நம்பரவிட சின்னதா இருக்கணும், இது மட்டும்தான் ரூல். சரி, மைனஸ் 7-ஐ 3-ஆல வகுத்தா மீதி எவ்வளவு? பத்து பேருகிட்ட கேட்டா முக்காவாசி பேரு மைனஸ் 1-ம்பாங்க. இல்ல, 2. ஏன்னா −7 = 3×(−3) + 2. கம்ப்யூட்டர்லயே இதுல குழப்பம் இருக்கு, சி லாங்குவேஜ்ல கேட்டா −1 வரும், பைத்தான்ல கேட்டா 2 வரும். நம்பர் தியரிக்கு பைத்தான் சொல்றதுதான் சரி. இந்த ஒரு விஷயம் கைக்கு வந்துட்டா பின்னாடி மாட் வரும்போது (மீதிய மட்டும் வச்சு கணக்கு போடறது, காஸ்ன்ற கணித மேதை 1801-ல கொண்டு வந்த குறியீடு, அப்ப அவருக்கு வயசு 24தான்) பயமே இருக்காது. 2-ஓட நூறாவது பவர 7-ஆல வகுத்தா மீதி என்னன்னு கேட்டா கால்குலேட்டர தேட வேணாம், 2×2×2 = 8, அத 7-ஆல வகுத்தா மீதி 1, நூறுல மூணு மூணா எடுத்தா 33 தடவ போயி ஒண்ணு மிஞ்சும், அந்த ஒரு 2தான் பதில். அவ்வளவுதான்.

அடுத்தது எஃப்எஸ்டிபி. ஃபார்ம் 1 (இடைநிலைப்பள்ளி முதல் வருஷம்) ரெண்டாவது அத்தியாயம், ஃபாக்டோர் செபுன்யா தெர்பெசார், மீப்பெரு பொதுக் காரணி. ஸ்கூல்ல லிஸ்ட் போடச் சொல்வாங்க, இல்லன்னா 2, 3, 5-ன்னு வரிசையா வகுத்துக்கிட்டே போகச் சொல்வாங்க. சின்ன நம்பருக்கு ஓகே. 1517, 1073 ரெண்டுக்கும் எஃப்எஸ்டிபி கண்டுபிடின்னு சொல்லிப் பாருங்க. 2 போகாது, 3 போகாது, 5, 7, 11 எதுவும் போகாது, பையன் பேனாவ கீழ வச்சிருவான். ரெண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே யூக்ளிட் எழுதி வச்ச வழி இருக்கு, ஆனா நம்ம சிலபஸ்ல அதுக்கு இடம் இல்ல, ஏன்னு எனக்கு புரியவே மாட்டேங்குது. பெருச சின்னதால வகு, மீதிய எடு, இப்ப சின்னத அந்த மீதியால வகு, இப்படியே போ:

1517 = 1×1073 + 444
1073 = 2×444 + 185
444 = 2×185 + 74
185 = 2×74 + 37
74 = 2×37 + 0

கடைசியா வந்த பூஜ்யம் இல்லாத மீதி 37, அதான் பதில். ப்ரைம் ஃபேக்டர் எதுவும் தெரியாமலே பதில் வந்துருச்சு பாருங்க. (தெரிஞ்சுக்கணும்னா 1517 = 37×41, 1073 = 29×37.) இதோட விடாதீங்க, கீழருந்து மேல ஏறி வாங்க, ஒவ்வொரு மீதியையும் அதுக்கு மேல உள்ள வரிய வச்சு மாத்தி எழுதிக்கிட்டே வந்தா 37 = 17×1073 − 12×1517 அப்படின்னு வந்து நிக்கும். 18241-ல 18204 போனா 37, சரிதான். இந்த ஏறி வர்ற வேலைய கையால ஒரு நாலஞ்சு ஜோடி நம்பருக்கு செஞ்சு பாக்காம நம்பர் தியரி புக்க திறக்காதீங்கன்னு நான் அடிச்சு சொல்வேன். இங்க வேற ஒண்ணும் சொல்லணும், இதே வேலைய ஆரியபட்டர் கி.பி. 499-லயே சுலோகத்துல சொல்லிட்டாரு, குட்டகம்ன்ற பேரு பின்னாடி வந்தவங்க வச்சது, அதனால இது எங்கயோ வெள்ளக்காரன் கணக்குன்னு நெனைக்க வேணாம்.

இது எதுக்கு உதவும்? கடைக்குப் போங்க. கல்லாவுல 20 காசும் 50 காசும் மட்டும்தான் இருக்குன்னு வச்சுக்குவோம், 10 காசு, 5 காசு ரெண்டும் தீந்துருச்சு. கடைக்காரர் உங்களுக்கு 30 காசு பாக்கி தரணும். அவரு மட்டும் குடுக்கறதா இருந்தா முடியாது, 10 காசும் முடியாது, மத்தபடி 20, 40, 50, 60, 70-ன்னு பத்தோட மடங்கு எல்லாத்தையும் குடுத்துரலாம். அதாவது குடுக்க முடியாத ஆகப் பெரிய தொகை 30 காசு, அதனாலதான் மிட்டாய நீட்டறாரு. இதுக்கு ஒரு ஃபார்முலாவே உண்டு, பொதுக் காரணி 1 தவிர வேற இல்லாத ரெண்டு நம்பர் a, b-ன்னா செய்ய முடியாத ஆகப் பெரியது ab − a − b. இங்க பத்துப் பத்தா எண்ணினா 2, 5, அப்ப 10 − 2 − 5 = 3, மூணு பத்து காசு. ஆனா நீங்களும் உங்க பாக்கெட்டுலருந்து திருப்பிக் குடுக்கலாம்னு ஆயிட்டா கதையே மாறிடும். நீங்க ஒரு 20 காசு குடுங்க, அவரு ஒரு 50 காசு தரட்டும், 30 காசு உங்க கையில. 10 காசு வேணுமா, ரெண்டு 20 குடுத்து ஒரு 50 வாங்குங்க. 10 = 50 − 2×20. இதுதான் மேல நாம செஞ்ச அதே 17×1073 − 12×1517 வேல, 20-க்கும் 50-க்கும் எஃப்எஸ்டிபி 10, அதனால பத்தோட எந்த மடங்கையும் கொண்டு வரலாம், ஆனா 5 காசு மட்டும் தலகீழா நின்னாலும் வராது. இத என் டியூசன்ல நெசமாவே காச குடுத்துத்தான் சொல்லிக் குடுப்பேன், பசங்க சில பேரு காச திருப்பித் தர்றதில்ல, அது வேற கத.

இங்கருந்து ஒரு பெரிய தாவல். 1-க்கு மேல உள்ள எல்லா நம்பரையும் ப்ரைம் நம்பராப் பிரிக்கலாம், அதுவும் ஒரே ஒரு விதமாத்தான் பிரிக்க முடியும், இது நமக்கு ஸ்கூல்ல சும்மா குடுக்கப்பட்ட விஷயம். 60-னா 2×2×3×5, யாரு போட்டாலும் அதான். ஏன் ஒரே விதம்னு யாரும் கேக்கறதில்ல. இப்ப ஒரு உலகம் நெனச்சுக்குங்க, அங்க இரட்டைப்படை நம்பர் மட்டும்தான் இருக்கு, 3, 5 எல்லாம் கெடையாது. அந்த உலகத்துல 6-ஐ பிரிக்க முடியாது (2×3-ல 3 அங்க இல்ல), 2, 10, 18, 30 இதையும் பிரிக்க முடியாது, அப்ப இதெல்லாம் அங்க ப்ரைம். 60-ஐ பிரிங்க பாப்போம். 2×30, 6×10, ரெண்டு விதமா வருது! நம்ம உலகத்துல ஏன் இப்படி நடக்கல? அதுக்கு காரணம் ஒரு வரி: ஒரு ப்ரைம் p, a×b-ய வகுத்தா, அது a-வையாவது வகுக்கும் இல்ல b-யையாவது வகுக்கும். இதுவும் யூக்ளிட் சொன்னதுதான். நிரூபணம் பாருங்க, காசு கணக்கு தெரிஞ்சா போதும். p, a-வ வகுக்கலன்னு வச்சுக்குவோம். p ப்ரைம்கிறதால ரெண்டுக்கும் எஃப்எஸ்டிபி 1. அப்ப 1 = p×x + a×y அப்படின்னு ரெண்டு முழு எண் x, y கெடைக்கும், 10 காச கொண்டு வந்த மாதிரி. ரெண்டு பக்கமும் b-யால பெருக்கு, b = p×b×x + a×b×y. வலது பக்கம் முதல் துண்ட p வகுக்கும், ரெண்டாவது துண்டுல a×b இருக்கு, அதையும் p வகுக்கும், அப்ப மொத்தத்தையும் வகுக்கும், அதாவது b-ய வகுக்கும். முடிஞ்சுது.

இந்த அஞ்சு வரிய படிச்சப்ப "சரி, ஆனா எதுக்கு இவ்வளவு சுத்து"ன்னு தோணினா, நான் ஆரம்பத்துல சொன்ன அந்த இல்லாத விஷயம் இதுதான். நிரூபணம். நம்ம பசங்களுக்கு கணக்கு போட வரும், ரொம்ப நல்லாவே வரும், ஆட் மேத்ஸ்ல ஏ வாங்கறவங்க எங்க தோட்டத்து பக்கமே இருக்காங்க. ஆனா "காட்டு" "நிரூபி"ன்னு கேள்வி வந்தா மூணு உதாரணம் போட்டுட்டு கை கழுவிருவாங்க. அது பெரட்டுல (தோட்டத்துல காலையில ஆள் கணக்கு எடுக்கறப்ப) முன்வரிசைய மட்டும் பாத்துட்டு எல்லாரும் வேலைக்கு வந்தாச்சுன்னு செக்ரோல்ல (வருகைப் பதிவுல) எழுதற மாதிரி. ஆய்லர் 1772-ல குடுத்த ஒரு ஃபார்முலா இருக்கு, n² + n + 41. n-க்கு 0 போடுங்க 41, ப்ரைம். 1 போடுங்க 43, ப்ரைம். 2-க்கு 47, 3-க்கு 53, 4-க்கு 61. இப்படியே 39 வரைக்கும் போட்டாலும் ப்ரைம்தான் வரும், நாப்பது தடவ வரிசையா! 40 போட்டீங்கன்னா 1681, அது 41×41. புட்டுக்கிச்சு. ஃபெர்மாட்டே இதுல மாட்டியிருக்காரு, 2-ஓட பவர 1, 2, 4, 8, 16-ன்னு வச்சு 1 கூட்டினா 3, 5, 17, 257, 65537 எல்லாம் ப்ரைமா வருதேன்னு அப்படியே போகும்னு நம்பினாரு, ஆனா பவர் 32-ல வர்ற 4294967297-ஐ ஆய்லர் 1732-ல 641-ஆல வகுத்துக் காட்டிட்டாரு.

இதுக்கு எங்க போயி பழகறது? ஃபார்ம் 4 மேத்ஸ் மூணாவது அத்தியாயம், பெனஆகுலான் லோஜிக் (தர்க்கம்). எல்லாரும் மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறந்துர்ற அத்தியாயம், என்னைக் கேட்டா அந்த புக்குலயே உருப்படியான அத்தியாயம் அதான். ஜிக்கா p மாக்கா q (p-ன்னா q), அதோட ஆக்காஸ் (q-ன்னா p), சொங்சாங்கான் (p இல்லன்னா q இல்ல), கொன்த்ராபொசித்திஃப் (q இல்லன்னா p இல்ல). ஒரு வாக்கியம் உண்மைன்னா அதோட ஆக்காஸ் உண்மையா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா கொன்த்ராபொசித்திஃப் கண்டிப்பா உண்மை, இத மட்டும் எலும்புல ஏத்திக்குங்க. ஒரு நம்பரோட வர்க்கம் இரட்டைப்படைன்னா அந்த நம்பரும் இரட்டைப்படைன்னு நிரூபிக்கணும், நேரா போனா முட்டும். திருப்பிப் போடுங்க, நம்பர் ஒத்தைப்படைன்னா வர்க்கமும் ஒத்தைப்படை: (2k+1)² = 4k² + 4k + 1, முதல் ரெண்டு துண்டும் இரட்டை, கூட ஒண்ணு, ஒத்தை. வேல முடிஞ்சுது. இதோட சேத்து முரண்பாட்டு முறை (தப்புன்னு வச்சுக்கிட்டு போயி முட்டிக்கிட்டு நிக்கறது), அப்புறம் எஸ்பிஎம்ல வராத கணிதத் தொகுத்தறிதல் (முதல் நம்பருக்கு காட்டிட்டு, ஒவ்வொண்ணுலருந்தும் அடுத்ததுக்கு ஏறறது), இந்த மூணையும் ஒரு மாசம் மெதுவா பழகினா போதும்.

முரண்பாட்டு முறைக்கு எல்லாரும் காட்டற உதாரணம் ப்ரைம் நம்பருக்கு முடிவே இல்லன்றது. அதுல ஒரு குழி இருக்கு, சொல்லிட்டு போறேன். எல்லா ப்ரைமையும் பெருக்கி 1 கூட்டு, அது புது ப்ரைம்னு பல பேரு சொல்றாங்க, வீடியோவுல கூட சொல்றாங்க. தப்பு. 2×3×5×7×11×13 + 1 = 30031, அது 59×509. நிரூபணம் சொல்றது அந்த நம்பரோட ஏதோ ஒரு ப்ரைம் காரணி நம்ம லிஸ்ட்ல இருக்காதுன்னு மட்டும்தான், 59 லிஸ்ட்ல இல்ல பாருங்க, அது போதும்.

ஆட் மேத்ஸ்ல என்னா உதவும்னா, இன்டிசஸ் ரூல் (பவர் விதிங்க) கட்டாயம், ப்ரோக்ரெஷன்ல ஜியோமெட்ரிக் கூட்டல் (1+2+4+8-ன்னு கூட்டிக்கிட்டே போனா அடுத்த பவருக்கு ஒண்ணு கம்மி), ஃபார்ம் 5-ல வர்ற பிலே ஆத்துர் டான் கபுங்கான் (பெர்முட்டேஷன், காம்பினேஷன்). 7 பேருலருந்து 3 பேர எடுக்கற வழி (7×6×5)/(3×2×1) = 35, அது 7-ஆல வகுபடும், ஏன்னா மேல இருக்கற 7-ஐ கீழ உள்ள சின்ன நம்பர் எதுவும் அடிக்க முடியாது. ப்ரைம் எதுவா இருந்தாலும் இப்படித்தான், இத வச்சே ஃபெர்மாட்டோட சின்னத் தேற்றத்த (p ப்ரைம்னா aᵖ − a, p-ஆல வகுபடும்ன்றத) நிரூபிச்சிரலாம். மத்த அத்தியாயமெல்லாம் இப்போதைக்கு தூங்கட்டும்.

ஆனா கால்குலஸே வேணாம்னு நான் சொன்னதா ஊர்ல போயி சொல்லிராதீங்க, ஆரம்பத்துக்குத்தான் வேணாம். 100-க்குள்ள 25 ப்ரைம், 1000-க்குள்ள 168, பத்து லட்சத்துக்குள்ள 78,498, இது எந்த வேகத்துல கொறையுதுன்னு கேக்க ஆரம்பிச்சா லாக் வேணும், லிமிட் வேணும், அப்புறம் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் வேணும். காஸ் சின்னப் பையனா இருந்தப்பவே யூகிச்சத 1896-லதான் ஹடமார்டும் டி லா வலே பூஸானும் தனித்தனியா நிரூபிச்சாங்க, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ வச்சுத்தான். நம்ம ராமானுஜன் கதைய இங்க சொல்லணும். 1729 கதைய இல்ல, அத எல்லாரும் சொல்லியாச்சு. 1913-ல இங்கிலாந்து கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினப்ப ப்ரைம் எண்ணிக்கைக்கு ஒரு ஃபார்முலா கண்டுபிடிச்சிருக்கேன்னு சொன்னாரு, அது தப்பு. அவரு கும்பகோணத்துல பள்ளிப் பையனா இருந்தப்ப கையில கெடச்ச பெரிய புஸ்தகத்துல ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்துச்சு, நிரூபணம் கிட்டத்தட்ட இல்ல, காம்ப்ளெக்ஸ் ஃபங்ஷன் தியரி அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அந்த மூளைக்கே அடிப்படை இல்லாத எடத்துல கால் வழுக்கிச்சு. "அவரு படிக்காமலே மேதை, நமக்கு என்னாத்துக்கு படிப்பு"ன்னு பேசறவங்களுக்கு நான் இதத்தான் சொல்றது.

இன்னொரு கிளைக்கு லீனியர் அல்ஜிப்ரா, அப்ஸ்ட்ராக்ட் அல்ஜிப்ரா வேணும். மேல சொன்ன இரட்டைப்படை உலகம் மாதிரியே, மைனஸ் 5-ஓட வர்க்கமூலத்த சேத்துக்கிட்டா 6-ஐ 2×3-ன்னும் பிரிக்கலாம், (1+√−5)(1−√−5)-ன்னும் பிரிக்கலாம். 1847-ல லாமே பாரிஸ் அகாடமில எழுந்து ஃபெர்மாட்டோட கடைசித் தேற்றத்த (n 2-க்கு மேலன்னா xⁿ + yⁿ = zⁿ-க்கு பூஜ்யம் இல்லாத முழு எண் விடை கெடையாதுன்றத) நிரூபிச்சிட்டேன்னு சொன்னாரு, அவரு நம்பினது இந்த ஒரே விதமா பிரியும்ன்றத, லியூவில் அங்கயே சந்தேகம் கேட்டாரு, கும்மர் அது எல்லா எடத்துலயும் செல்லாதுன்னு ஏற்கனவே காட்டியிருந்தாரு. தேற்றம் கடைசியா நிரூபணமாகி அச்சுல வந்தது 1995-ல, வைல்ஸ் கையால.

அப்புறம் ஒண்ணு, அடிப்படை கம்மியா வேணும்னா சுலபம்னு அர்த்தம் இல்ல. 1988-ல ஆஸ்திரேலியாவுல நடந்த உலக ஒலிம்பியாட்ல ஆறாவது கேள்வி: a, b ரெண்டும் 0-க்கு மேல உள்ள முழு எண், a² + b²-ஐ ab + 1 மீதி இல்லாம வகுத்தா, வர்ற ஈவு ஒரு முழு வர்க்கம்னு நிரூபி. 2, 8 போட்டா 68-ஐ 17 வகுக்கும், ஈவு 4. 3, 27 போட்டா 738-ஐ 82 வகுக்கும், ஈவு 9. கேள்வி புரிய ஃபார்ம் 1 போதும், ஆனா அந்த வருஷம் உலகம் முழுக்க வந்த கெட்டிக்காரப் பசங்கள்ல 11 பேருதான் அதுக்கு முழு மார்க் வாங்கினாங்க.

அக்கா மகளுக்கு கடைசியா மூணு கேள்வி எழுதிக் குடுத்திருக்கேன், நீங்களும் போட்டுப் பாருங்க, மூணும் வந்துட்டா எந்த ஆரம்ப நம்பர் தியரி புக்கையும் தைரியமா திறக்கலாம். 391, 299 ரெண்டுக்கும் எஃப்எஸ்டிபி கண்டுபிடிச்சு அத 391-ஓட மடங்கு, 299-ஓட மடங்கா எழுதணும். ஒத்தைப்படை நம்பரோட வர்க்கத்த 8-ஆல வகுத்தா எப்பவும் மீதி 1-ன்னு நிரூபிக்கணும். n³ − n எப்பவும் 6-ஆல வகுபடும்னு நிரூபிக்கணும். மூணாவதுல "அடுத்தடுத்த மூணு நம்பர்ல ஒண்ணு 3-ஆல வகுபடும்"னு எழுதிட்டு நிறுத்தினா அரை மார்க்தான் தருவேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன், ஏன் வகுபடும்னு மீதிய வச்சு எழுதினாத்தான் முழுசு.